‘பைத்தான்’ கத்துக்கிட்டா உடனே வேலையா? ஃபீஸ் கட்டும் முன் தெரிஞ்சுக்க வேண்டிய விஷயங்கள்!

பிளஸ் டூ ரிசல்ட் வந்த கையோடு பல வீடுகளில் ஒரு பேச்சு ஆரம்பித்துவிடும். "பைத்தான் படிச்சா நல்ல வேலையாமே, சேர்த்துவிடலாமா?" என்று அம்மா கேட்பார். பக்கத்து வீட்டு அண்ணன் "ரொம்ப ஈஸி, மூணே மாசம்" என்பார். போனைத் திறந்தால் அதே விளம்பரம், சில ஆயிரங்களில் தொடங்கி லட்சத்தைத் தொடும் கட்டணங்களுடன்.

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லிவிடலாம். பைத்தானுக்கு விலை கிடையாது. டவுன்லோடு செய்ய, பயன்படுத்த, அதில் மென்பொருள் எழுதி விற்க, எதற்கும் நீங்கள் யாருக்கும் பணம் தர வேண்டாம். கோர்ஸ்களில் நீங்கள் கட்டும் காசு முழுக்க சொல்லிக் கொடுப்பதற்குத்தான். அதனால் எதைச் சொல்லித் தருகிறார்கள், அது உண்மையிலேயே எவ்வளவு ஈஸி என்று தெரிந்துகொண்டு முடிவெடுப்பது நல்லது.

பைத்தான் என்றால் என்ன?

கம்ப்யூட்டருக்கு வேலை சொல்ல உதவும் மொழி. சி, ஜாவா, ஜாவாஸ்கிரிப்ட் என்று கேள்விப்பட்டிருப்பீர்களே, அந்த வரிசையில் ஒன்று. குறிப்பிட்ட ஒரே வேலைக்காக உருவானது அல்ல என்பதால் ‘பொதுப் பயன்பாட்டு மொழி’ என்கிறார்கள். கணக்குப் போடலாம், வெப்சைட் நடத்தலாம், ஆயிரம் ஃபைல்களுக்கு ஒரே நொடியில் பெயர் மாற்றலாம், ஏஐ மாடலுக்குப் பயிற்சி கொடுக்கலாம்.

உருவாக்கியவர் நெதர்லாந்தைச் சேர்ந்த கைடோ வான் ராசம். ஆம்ஸ்டர்டாமில் உள்ள சிடபிள்யூஐ என்ற கணித, கணினி ஆய்வு மையத்தில் வேலை பார்த்தவர். 1989 டிசம்பரில் கிறிஸ்துமஸ் விடுமுறையில் பொழுதுபோக்காக எழுத ஆரம்பித்தார். 1991 பிப்ரவரியில் முதல் வெளியீடு வந்தது. அதற்கு முன் அதே மையத்தில், புதியவர்களுக்குப் புரியும்படி ‘ஏபிசி’ என்றொரு மொழியை உருவாக்கும் குழுவில் அவர் இருந்தார். அந்த மொழி பெரிதாக ஓடவில்லை. ஆனால் அதன் எளிமை பைத்தானுக்குள் வந்து சேர்ந்தது.

பெயரைப் பார்த்து மலைப்பாம்பு என்று நினைக்க வேண்டாம். லோகோவில் இரண்டு பாம்புகள் இருப்பது உண்மைதான். ஆனால் பெயர் வந்தது பிபிசியில் ஒளிபரப்பான ‘மான்ட்டி பைத்தான்ஸ் ஃப்ளையிங் சர்க்கஸ்’ என்ற காமெடி நிகழ்ச்சியில் இருந்து. கைடோ அதன் ரசிகர்.

‘ஈஸி’ என்று ஏன் சொல்கிறார்கள்?

‘வணக்கம்’ என்று திரையில் காட்ட ஜாவாவில் வழக்கமாக ஒரு கிளாஸ், அதற்குள் ஒரு மெயின், இரண்டு ஜோடி வளைவு அடைப்புகள், கடைசியில் அரைப்புள்ளி என்று சடங்கு நீளும். பைத்தானில் ஒரே வரி.

பிரிண்ட்("வணக்கம்")

அவ்வளவுதான். (படிக்க வசதியாக கட்டளைகளைத் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறோம். டைப் செய்யும்போது பிரிண்ட், இஃப் போன்ற சொற்களை ஆங்கிலச் சிறிய எழுத்தில்தான் அடிக்க வேண்டும்.) மொழிக்கென ஒதுக்கப்பட்ட ‘கீவேர்டு’கள் மொத்தம் 35தான். இஃப், எல்ஸ், அண்ட், ஆர், நாட் என்று பாதிக்கு மேல் பள்ளி ஆங்கிலம்.

இன்னொரு வசதி, ஒரு வரி அடித்ததும் அதற்கான பதிலை உடனே பார்க்கலாம். சிறிய கால்குலேட்டர் போல கேள்வி கேட்டுக் கேட்டுப் பழகலாம். தப்பு செய்தால் எந்த வரியில் தப்பு என்றும் காட்டும்.

பைத்தானின் தனி அடையாளம் வேறு ஒன்று இருக்கிறது. வரியின் தொடக்கத்தில் விடும் இடைவெளி. சி, ஜாவா போன்ற மொழிகளில் இந்த இடைவெளி பார்வைக்கு மட்டும்தான், விடாவிட்டாலும் புரோகிராம் ஓடும். பைத்தானில் அந்த இடைவெளிக்கு அர்த்தம் உண்டு. ஒரு உதாரணம் பார்க்கலாம். 35 எடுத்தால் பாஸ் என்று வைத்துக்கொள்வோம்.

மதிப்பெண் = 72
இஃப் மதிப்பெண் < 35:
    பிரிண்ட்("தேர்ச்சி இல்லை")
    பிரிண்ட்("துணைத் தேர்வுக்கு விண்ணப்பிக்கவும்")

தமிழ்ப் பேச்சு போலவே படிக்கலாம். மதிப்பெண் 35-க்குக் கீழே இருந்தால், உள்ளே தள்ளியிருக்கும் இரண்டு வரிகளையும் காட்டு. இந்த மாணவர் 72 எடுத்திருப்பதால் திரையில் ஒன்றும் வராது. சரியான பதில்.

இப்போது கடைசி வரியை மட்டும் இடது ஓரத்துக்கு நகர்த்திவிடுங்கள். நான்கு ஸ்பேஸ் குறைந்தது, அவ்வளவுதான். ஆனால் அந்த வரி ‘இஃப்’ பிடியில் இருந்து வெளியே வந்துவிட்டது. இனி 72 எடுத்தவருக்கும், சென்டம் எடுத்தவருக்கும் ‘துணைத் தேர்வுக்கு விண்ணப்பிக்கவும்’ என்று வரும். பைத்தான் எந்த எச்சரிக்கையும் தராது. அதன் கணக்கில் நீங்கள் எழுதியது சரியான புரோகிராம்தான்.

எழுதியவர் மனதில் நினைத்தது வேறு, எழுதியது வேறு என்ற இந்த இடத்தில்தான் ‘மூணு மாசம், ரொம்ப ஈஸி’ என்ற பேச்சு இடறும். மொழி எளிது. அந்த மொழியில் தப்பில்லாமல் யோசிப்பது வேறு பயிற்சி.

ஓட்டு எண்ணிக்கையில் ஒரு குளறுபடி

புதிதாகப் படிப்பவர்கள் ஏறக்குறைய எல்லோரும் ஒருமுறையாவது மாட்டும் இடம் இது. ஒரு வேட்பாளர் முதல் சுற்றில் 250 ஓட்டு, இரண்டாம் சுற்றில் 310 ஓட்டு வாங்குகிறார். கீபோர்டில் இருந்து எண்களை வாங்க ‘இன்புட்’ என்ற கட்டளை இருக்கிறது.

சுற்று1 = இன்புட்()
சுற்று2 = இன்புட்()
பிரிண்ட்(சுற்று1 + சுற்று2)

560 வரும் என்றுதானே எதிர்பார்ப்போம்? வருவது 250310. வேட்பாளர் இரண்டாவது சுற்றிலேயே இரண்டரை லட்சத்தைத் தாண்டிவிட்டார்!

காரணம், ‘இன்புட்’ வழியாக வரும் எதையும் பைத்தான் எழுத்தாகத்தான் பார்க்கும், எண்ணாகப் பார்க்காது. எழுத்துக்கு நடுவே கூட்டல் குறி போட்டால் ஒட்ட வைத்துவிடும். ‘தேன்’ + ‘மொழி’ சேர்ந்தால் ‘தேன்மொழி’. அதே மாதிரி ‘250’ + ‘310’ சேர்ந்தால் ‘250310’. எண்ணாக மாற்ற ‘இன்ட்’ என்ற கட்டளைக்குள் போட்டு வாங்க வேண்டும். அதன் பிறகு 560 வரும்.

"இப்பதான் ஏஐ-யே கோடு எழுதிக் கொடுக்குதே, நான் ஏன் கத்துக்கணும்?" என்ற கேள்விக்கும் இந்த உதாரணமே பதில். சாட்ஜிபிடி போன்றவை சில நொடியில் நூறு வரி எழுதித் தரும். பெரும்பாலும் ஓடவும் செய்யும். ஓடுகிற புரோகிராம் 250310 என்று தப்பான பதில் தருகிறதா என்று பார்த்துச் சொல்ல ஒரு ஆள் வேண்டும். அந்த ஆளுக்குக் குறைந்தபட்சம் கோடைப் படித்துப் புரிந்துகொள்ளத் தெரிய வேண்டும்.

தமிழில் எழுதலாமா?

மேலே ‘மதிப்பெண்’, ‘சுற்று1’ என்று பெயர் வைத்தது வாசகர்களுக்காகச் செய்த மாற்றம் இல்லை. பைத்தான் 3-ல் நாம் வைக்கும் பெயர்கள் நிஜமாகவே தமிழில் இருக்கலாம். கீவேர்டுகள் மட்டும் ஆங்கிலம். கட்டளையே தமிழில் வேண்டும் என்றால் ‘எழில்’ என்று ஒரு மொழி இருக்கிறது. முத்து அண்ணாமலை உருவாக்கியது. அதில் பிரிண்ட்டுக்குப் பதில் ‘பதிப்பி’. சுவாரஸ்யம் என்னவென்றால், அந்த எழில் மொழியே பைத்தானில்தான் எழுதப்பட்டிருக்கிறது.

ஆனால் தமிழ் எழுத்தை எண்ணச் சொன்னால் பைத்தான் நம்மைக் கொஞ்சம் சீண்டிப் பார்க்கும். ‘லென்’ என்ற கட்டளை ஒரு சொல்லில் எத்தனை எழுத்து என்று சொல்லும். ‘தமிழ்’ என்று கொடுத்தால் வரும் விடை 5.

பி.ஏ. தமிழ் படித்துவிட்டு இந்தப் பக்கம் வந்த எனக்கு முதல் முறை பார்த்தபோது கோபமே வந்தது. மூன்றாம் வகுப்புப் பிள்ளையைக் கேட்டாலும் த, மி, ழ் என்று மூன்று விரலை நீட்டும். ஐந்து எங்கிருந்து வந்தது? கம்ப்யூட்டரில் தமிழைச் சேமிக்கும் யூனிகோடு முறையில் ‘மி’ என்பது ஒரே துண்டு அல்ல. ம தனி, அதன் இகரக் குறி தனி. ‘ழ்’ என்பதும் ழ தனி, புள்ளி தனி. த, ம, குறி, ழ, புள்ளி என ஐந்து துண்டுகள். பைத்தான் எண்ணுவது அந்தத் துண்டுகளை.

அதே சொல்லைத் தலைகீழாகத் திருப்பச் சொன்னால் கூத்து இன்னும் கூடும். ‘ழ்மித’ என்று வர வேண்டியது, முன்னால் ஒரு அநாதைப் புள்ளியுடன் ‘ழிமத’ என்று வரும். ம-வில் இருந்த குறி இடம் மாறி ழ-வில் ஒட்டிக்கொள்ளும். சொல் விளையாட்டு ஆப் செய்பவர்களுக்கும், விண்ணப்பப் படிவத்தில் ‘இத்தனை எழுத்துக்குள் எழுதவும்’ என்று வரம்பு வைப்பவர்களுக்கும் இது விளையாட்டு இல்லை. ஆங்கிலப் பெயரில் சரியாக ஓடும் புரோகிராம் தமிழ்ப் பெயரைப் பாதியில் வெட்டிவிடக்கூடும். இதைச் சமாளிக்க ‘ஓப்பன் தமிழ்’ என்ற இலவச நூலகம் இருக்கிறது. அதன் வழியாக எழுத்துகளைப் பிரித்து எண்ணினால் சமத்தாக மூன்று என்று சொல்லும்.

நூலகம் என்றால்?

கோடிங்கில் நூலகம் என்பது, ஏற்கனவே யாரோ எழுதி வைத்த கோடு. நாம் எடுத்துப் பயன்படுத்திக்கொள்ளலாம். பைத்தான் இவ்வளவு பரவியதற்கு எளிமையைவிட இதுதான் பெரிய காரணம் என்பேன். ‘பைபிஐ’ என்ற பொதுக் களஞ்சியத்தில் 5 லட்சத்துக்கும் அதிகமான தொகுப்புகள் இருக்கின்றன. எக்செல் மாதிரி அட்டவணைகளை அலச பாண்டாஸ், எண் கணக்குக்கு நம்பை, வெப்சைட்டுக்கு ஜாங்கோ, ஏஐ-க்கு பைடார்ச், டென்சர்ஃப்ளோ.

இன்ஸ்டாகிராமின் சர்வர் பக்கம் ஜாங்கோவில் கட்டப்பட்டது. 2019 ஏப்ரலில் உலகமே பார்த்த முதல் கருந்துளைப் படத்தைத் தயாரிக்கப் பயன்பட்ட மென்பொருள்களிலும் பைத்தான் உண்டு. ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கம்ப்யூட்டர் பெயரில் இருக்கும் ‘பை’ கூட பைத்தானைக் குறிப்பதுதான்.

குறை இல்லையா? இருக்கிறது. வேகம் குறைவு. கனமான கணக்குகளில் சி மொழியோடு போட்டி போட முடியாது. நம்பை போன்ற நூலகங்கள் வேகமாக ஓடுவதற்குக் காரணமே, அவற்றின் உள்ளே கனமான வேலையைச் செய்வது சி மொழியில் எழுதிய பகுதிகள் என்பதுதான். ஆண்ட்ராய்டு ஆப் செய்ய வேண்டும் என்பவருக்குக் கோட்லின், ஐபோன் ஆப் என்றால் ஸ்விஃப்ட், பிரவுசரில் ஓடும் பக்கங்களுக்கு ஜாவாஸ்கிரிப்ட் என்று வேறு வழிகள்தான் நேரான வழி.

சரி, வேலை கிடைக்குமா?

பைத்தான் தெரிந்தவர்களுக்குத் தேவை இருக்கிறது, அதில் சந்தேகம் இல்லை. ஆனால் ‘பைத்தான் தெரியும்’ என்பது ஒரு வேலையின் பெயர் இல்லை. டிரைவிங் தெரியும் என்பது மாதிரி. ஆட்டோவா, ஆம்புலன்ஸா, லாரியா என்பது அடுத்த கேள்வி. டேட்டா அனலிஸ்ட் ஆக வேண்டும் என்றால் கூடவே எஸ்க்யூஎல், எக்செல், கொஞ்சம் புள்ளியியல் வேண்டும். ஏஐ பக்கம் போக கணிதம் இல்லாமல் முடியாது. வெப் டெவலப்பர் என்றால் ஜாங்கோ அல்லது ஃப்ளாஸ்க், டேட்டாபேஸ், ஹெச்டிஎம்எல் எல்லாம் சேர்ந்து வரும்.

எனவே ஒரு பயிற்சி மையத்துக்குப் போனால் ‘பைத்தான் சொல்லித் தருவீங்களா?’ என்று கேட்காதீர்கள். எந்த வேலைக்குத் தயார் செய்கிறீர்கள், பைத்தானோடு வேறு என்னென்ன பாடம், முடிக்கும்போது நானே செய்து காட்டும் புராஜெக்ட் எத்தனை என்று கேளுங்கள். ‘நூறு சதவீதம் வேலை உறுதி’ என்று சொன்னால், கிடைக்காவிட்டால் பணம் திரும்ப வருமா, எத்தனை நாளில் வரும் என்பதை எழுத்தில் வாங்குங்கள். வாய்ப்பேச்சாக "அதெல்லாம் பாத்துக்கலாம் சார்" என்றால் யோசியுங்கள். ஒரே தவணையில் முழுப் பணமும் கட்டச் சொல்லி அவசரப்படுத்தினாலும் அப்படித்தான்.

காசு கட்டும் முன் ஒரு மாதம் இலவசமாகப் படித்துப் பார்ப்பது இன்னும் நல்லது. 2019-20 கல்வியாண்டில் வந்த தமிழ்நாடு அரசின் 12-ம் வகுப்பு கணினி அறிவியல் புத்தகத்தில் பைத்தான் பாடங்கள் இருக்கின்றன, தமிழ் வழியிலும்தான். வீட்டில் அண்ணனோ அக்காவோ படித்த பழைய புத்தகம் கிடந்தால் அதுவே போதும். என்பிடெல் தளத்தில் சென்னை கணிதவியல் கழகப் பேராசிரியர் மாதவன் முகுந்த் நடத்திய பைத்தான் பாட வீடியோக்கள் ஆங்கிலத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. தேர்வு எழுதி சான்றிதழ் வாங்கத்தான் அங்கே கட்டணம். அந்தப் பாடம் கொஞ்சம் சூடாகவே போகும் என்பதால், புத்தகத்தை ஒரு சுற்று முடித்துவிட்டுப் பார்க்கலாம். கணியம் அறக்கட்டளை மென்பொருள் தொடர்பான மின்னூல்களைத் தமிழில் இலவசமாகவே வெளியிடுகிறது.

லேப்டாப் இல்லை, போன்தான் இருக்கு... முடியுமா?

தொடங்கலாம். ஆண்ட்ராய்டு போனில் ‘பைட்ராய்டு 3’ என்ற ஆப் போட்டால் நெட் இல்லாமலும் பைத்தான் ஓடும். இல்லையென்றால் கூகுள் கணக்கு வைத்து ‘கூகுள் கொலாப்’ தளத்தை பிரவுசரில் திறந்து எழுதலாம். கோடு ஓடுவது கூகுளின் கம்ப்யூட்டரில் என்பதால் விலை குறைந்த போனாக இருந்தாலும் பரவாயில்லை. முதல் இரண்டு, மூன்று மாதத்துக்கு இது போதும். அதன்பிறகு சின்னத் திரையில் நாற்பது வரிக்கு மேல் எழுதுவது கண்ணுக்கும் விரலுக்கும் கஷ்டம். கல்லூரி லேபோ, நூலகத்தில் இருக்கும் கம்ப்யூட்டரோ தேட வேண்டியிருக்கும்.

போனில் படிப்பவர்களுக்கு ஒரு சின்ன எச்சரிக்கை. எங்கிருந்தாவது காப்பி செய்து ஒட்டும் கோடில் மேற்கோள் குறி அழகாக வளைந்து வந்தால் எரர் வரும். பைத்தானுக்கு நேர்க்கோடாக நிற்கும் மேற்கோள் குறிதான் புரியும். பாதி நாள் மண்டையைப் பிய்த்துக்கொண்டு கடைசியில் காரணம் இதுவாக இருக்கும்.

யூடியூபில் படிக்கிறீர்கள் என்றால் வீடியோ எந்த ஆண்டு என்று பாருங்கள். பைத்தான் 2 என்ற பழைய பதிப்புக்கான ஆதரவு 2020 ஜனவரி 1-ம் தேதியோடு முடிந்துவிட்டது. இப்போது இருப்பது பைத்தான் 3. இரண்டுக்கும் ஒத்துப்போகாத இடங்கள் பல. கண்டுபிடிக்கச் சுலபமான வழி, வீடியோவில் ‘பிரிண்ட்’ சொல்லுக்குப் பிறகு அடைப்புக்குறி இல்லாமல் எழுதினால் அது பழைய பைத்தான். அடுத்த வீடியோவுக்குப் போய்விடுங்கள்.

நூலகங்களை ‘பிப்’ என்ற கட்டளை மூலம் இறக்கும்போது பெயரை ஒரு எழுத்து விடாமல் சரிபாருங்கள். பிரபலமான நூலகத்தின் பெயரில் ஒரு எழுத்தை மட்டும் மாற்றி, உள்ளே பாஸ்வேர்டு திருடும் கோடு வைத்துப் பதிவேற்றும் கும்பல்கள் இருக்கின்றன. 2024 மார்ச்சில் இப்படிப் போலித் தொகுப்புகள் வந்து குவிந்ததால், புதிய பயனர் பதிவையே பைபிஐ தளம் சில மணி நேரம் நிறுத்தி வைக்க வேண்டியதாயிற்று. வங்கி ஆப்பும் யுபிஐ-யும் இருக்கும் போனில் பழகுகிறவர்கள், பெயர் தெரியாத தொகுப்பு எதையும் அதில் இறக்க வேண்டாம். தொடக்கப் பாடங்களுக்குப் பைத்தானோடு சேர்ந்தே வரும் நூலகங்கள் போதும்.